சிவப்பு வளையத்தில் எழுபத்தாறு

செல்வினுக்கு அந்தக் கைக்கடிகாரத்தில் பிடித்தது அதன் முகம்தான். மணி காட்டுவதில் அது சுமார். கொடைக்கானல் குளிரில் உள்ளே எண்ணெய் இறுகிப்போய், சாவி கொடுத்த மறுநாளே கொஞ்சம் பின்தங்கிவிடும். ஆனால் அப்படி ஒரு டயலை அவர் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பாலாடை நிறத்தில் டயல். வழக்கமான எண்களுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி, முக்கால் சுற்றுக்கு ஒரு சிவப்பு வளையம். ஒரு மணிக்குப் பக்கத்தில் இருநூறில் தொடங்கி, நூறு, எண்பது, அறுபது என்று எண்கள் இறங்கிக்கொண்டே போய் ஒன்பது மணி இருக்கும் இடத்தில் இருபதில் முடியும். ஆரம்பத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எண்கள் போகப்போக விலகி நிற்கும். சிவப்புக்கு உள்ளே நீலத்தில் இன்னொரு வளையம். சிவப்பு நாடித்துடிப்புக்கு, நீலம் மூச்சுக்கு. டாக்டர்களுக்கென்றே செய்த கடிகாரம். நாடி வளையம் மட்டும் உள்ளவை உலகத்தில் கொஞ்சம் உண்டு. இரண்டும் சேர்ந்தது அபூர்வம்.

நடுவில் மெல்லிய நீண்ட முள் ஒன்று பன்னிரண்டில் அசையாமல் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். சாவித் திருகின் தலையை ஓர் அமுக்கு அமுக்கினால் முள் கிளம்பும். மறுபடி அமுக்கினால் நிற்கும். மூன்றாம் முறை அமுக்கினால் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்கே வந்துவிடும். அந்த மூன்றாவது அமுக்கில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்கு வருகிற எவருக்கும் செல்வின் விளக்காமல் விட்டதில்லை.

"முள்ளுக்கு அடியில ஹார்ட் ஷேப்ல ஒரு சின்னத் தகடு இருக்கு. ஒரு சுத்தியல் வந்து அதோட விளிம்பை அமுக்கும். தகடு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சரி, சுத்தியல் வழுக்கி வழுக்கி அந்தப் பள்ளத்துலதான் போய் உக்காரும். அதனால முள் எங்க நின்னாலும்..."

"எங்க நின்னாலும் காபி ஆறிப்போகும். அவரைக் குடிக்க விடுங்க," என்பாள் ஆக்ஸிலியா.

செல்வின் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆக்ஸிலியா நாயுடுபுரத்து வீட்டின் பின்னறையில் சாக்லேட் செய்து ஏரிச்சாலைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். ஒரே மகள் செலினா கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருந்தாள்.

கடிகாரம் வந்ததும் ஆக்ஸிலியாவின் சாக்லேட்டால்தான். ஊரை விட்டுப் போகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிட்டுப் போவது இந்த மலையில் வழக்கம். அப்படி ஒரு விற்பனைக்கு, சாக்லேட் அச்சுகளை வைக்கக் கனமான அலுமினியத் தட்டு கிடைக்குமா என்று பார்க்கத்தான் செல்வின் போனார். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள். பொத்தான்களுக்கு நடுவே இது கிடந்தது. டப்பாவோடு வாங்கி வந்தார்.

டயலில், தயாரித்தவர் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. எத்தனை துடிப்பு எண்ண வேண்டும் என்பதை அந்த வரிதான் சொல்லும். மலையின் ஈரம் கண்ணாடிக்குள் புகுந்து, கறுப்புப் புள்ளிகளாகப் பரவி, அந்த வரியைத் தின்றுவிட்டிருந்தது. விஷயம் இதுதான்: நாடி பார்க்க நிமிடம் முழுக்க எண்ண வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை எண்ணி, சட்டென்று முள்ளை நிறுத்தினால் போதும். அத்தனை துடிப்புக்கு இவ்வளவு நேரமானால் நிமிடத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை டயல் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. முள் நிற்கும் இடத்தில் விடை இருக்கும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட எண்ணிக்கை தெரியாவிட்டால் விடை வெறும் எண்.

செல்வின் அதைச் சோதித்துக் கண்டுபிடித்தார். ஆக்ஸிலியாவைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க அவள் நாடியை எண்ணினார். எழுபத்தாறு. பிறகு கைக்கடிகாரத்தை ஓடவிட்டுப் பத்து துடிப்பில் நிறுத்திப் பார்த்தார், தப்பு. இருபது, தப்பு. பதினைந்தில் நிறுத்தியபோது முள் சிவப்பு வளையத்தில் எழுபத்தாறைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பதினஞ்சு! ஆக்ஸி, இது பதினஞ்சுக்குப் போட்ட டயல்!"

"நல்லது. என் கையைக் குடுங்க, தட்டு கழுவணும்."

அன்றிலிருந்து அது பழக்கமானது. காலையில் முதல் ஈடு சாக்லேட்டை அச்சில் ஊற்றிவிட்டு அவள் ஸ்டூலில் வந்து உட்காருவாள். கொக்கோ படிந்த இடது கையை நீட்டுவாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முள்ளை ஓடவிடுவார். "எழுபத்தெட்டு", "எழுபத்திரண்டு" என்று சொல்வார். அவள் ஏதோ பரிசு வாங்கினவள் போல எழுந்து போவாள். மூச்சு பார்ப்பதற்கு மட்டும் அவள் சம்மதித்ததில்லை. நெஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு மூச்சு ஒழுங்காக வரும் என்று கேட்பாள்.

அவளுக்குக் கருவிகள் தேவைப்பட்டதில்லை. உருகிய சாக்லேட் அச்சில் ஊற்றும் பக்குவத்துக்கு ஆறிவிட்டதா என்று பார்க்க, கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துக் கீழுதட்டில் வைத்துக்கொள்வாள். உதட்டுச் சூட்டைவிட ஒரு பொட்டு குளிர்ச்சியாக இருந்தால் சரி. செல்வின் வாங்கித் தந்த தெர்மாமீட்டர் இழுப்பறையில் கிடந்தது. கொக்கோ மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து, இது புதுசு, இது ஈரம் குடித்தது, இது மசாலா மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். ஏரிச்சாலைக் கடைக்காரர்கள் அவள் சாக்லேட்டை வேறு தட்டில் தனியாக வைத்தார்கள்.

ஒருமுறை பக்கத்து வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த சென்னைக்காரர் ஒருவர் சாக்லேட் வாங்க வந்தார். பழைய கடிகாரங்கள் சேர்ப்பவராம். மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் சாக்லேட்டை மறந்துவிட்டார். கைக்குட்டையை விரித்து அதன்மேல் கடிகாரத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. இந்த டயலைத் தொட்றாதீங்க. புள்ளியோடவே இருக்கட்டும்."

"பரவுதுங்களே. போன மழைக்கு எண்பதைத் தின்னுச்சு. இந்த மழைக்கு எழுபதுக்கு வந்துரும்."

"பரவட்டும் சார். அந்தப் பழமைதான் சார் இதோட மதிப்பே."

அவர் போனபின் ஆக்ஸிலியா சிரித்தாள். "அழுக்குக்கு ஆசைப்படுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். நம்ம பழைய மிக்ஸியைக் காட்டியிருந்தா அழுதுருப்பாரு போல."

செல்வினும் சிரித்தார். ஆனால் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்தானே அவள் இருந்தாள். அந்த இடம் அழிந்துவிட்டால் பிறகு கடிகாரம் எதற்கு? அவர் மனதில் இருந்தது இவ்வளவுதான். கல்யாண நாள் வந்துகொண்டிருந்தது. டயலைப் புதுப்பித்து அவள் முன்னால் வைக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்.

மதுரையில் டயலுக்குப் புது முகம் போடுகிறவர் ஒருவர் இருந்தார், குருநாதன் என்று. முட்களைக் கழற்றி, டயலைப் பிரித்து, பழைய வர்ணத்தை முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டு, பித்தளைத் தகட்டில் புது வர்ணம் ஏற்றி, ரப்பர் அச்சால் எழுத்துகளை ஒற்றி எடுக்கும் வேலை. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்த சில நாளில் அவரே போன் செய்தார்.

"சார், அந்தச் சிவப்பு ரிங்குல பாதி நம்பர் போயிருச்சு. எங்கிட்ட வேற ஒரு டாக்டர் வாட்ச் டயல் இருக்கு. அதுல ரிங் முழுசா இருக்கு. அதை அச்செடுத்துப் போட்டுரவா?"

"பாக்க எப்படி இருக்கும்?"

"சூப்பரா இருக்கும் சார். புதுப்பொண்ணு மாதிரி. அதுல இருக்கற பொடி எழுத்து மட்டும் வராது. அது என்ன பாஷைன்னே தெரியல, விட்ரட்டுமா?"

"விட்ருங்க. அழகா இருந்தாச் சரி."

இதைச் சொன்னவர், முப்பது வருடம் பிள்ளைகளின் கையில் அளவுகோல் கொடுக்கும் முன் முதலில் அதைச் சோதி, பிறகு அதைக் கொண்டு எதையும் அள என்று சொல்லிக்கொடுத்தவர். வெர்னியரில் சுழிப் பிழை பார்க்காமல் அளவெடுத்த பையனை ஆய்வக வாசலில் நிற்கவைத்தவர். அந்த போன் வந்தபோது அவர் கல்யாண நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடிகாரம் கல்யாண நாளுக்கு வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அடுக்கம் சாலையில் மண் சரிந்தது. வத்தலக்குண்டு வழியும் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. மதுரைக்கு இறங்கும் யோசனையையே செல்வின் தள்ளிப்போட்டார்.

அந்த மழைக்காலத்தில்தான் ஆக்ஸிலியா படிகளில் நிற்கத் தொடங்கினாள். கடைத்தெருவிலிருந்து நாயுடுபுரத்துக்கு ஏறும் படிகளை இத்தனை வருடமும் கூடையோடு பேசிக்கொண்டே ஏறியவள், இப்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்தாள்.

"ஏத்தம் கூடிப்போச்சா, என் வெயிட்டு கூடிப்போச்சா?"

"குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் செல்வின்.

மழை விட்டதும் அவர் மதுரைக்குப் போய்க் கடிகாரத்தை வாங்கி வந்தார். உண்மையிலேயே புதுப்பெண் மாதிரிதான் இருந்தது. புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. முன்பு முக்கால் சுற்றோடு நின்ற சிவப்பு வளையம் இப்போது முழுச் சுற்றும் சுற்றி வந்தது. முழுதாக இருந்தது அவருக்கு இன்னும் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் ஆக்ஸிலியா கையை நீட்டினாள். அவர் பதினைந்து எண்ணி நிறுத்தினார். முள் எழுபத்தாறில் நின்றது.

"பாத்தியா! முதல் நாள் பாத்த அதே எழுபத்தாறு!"

"அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் அவள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவர் பார்த்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தது தான்தான் என்று சந்தோஷப்பட்டார்.

பழைய டயலில் எழுபத்தாறு என்பது இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் இருந்தது. புதியதில் அது ஐந்து மணிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் இதைக் கவனிக்காமல் இல்லை. புது டயல், எண்களைக் கொஞ்சம் பரத்திப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழி நெருங்க, கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிந்தன. ஆக்ஸிலியா வெள்ளனே எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு மணி நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். செலினா போனில் அம்மாவின் குரலைக் கேட்டே கண்டுபிடித்தாள்.

"அப்பா, அம்மா ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுறாங்க? ஒரு ஈசிஜி எடுத்துருங்களேன்."

"தெனமும் பல்ஸ் பாக்குறேன்மா. எழுபத்தாறு, எழுபத்தெட்டு. அதைத் தாண்டல. ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் வாங்கிக் குடுக்குறேன்."

"உங்க வாட்ச் என்ன டாக்டரா?"

"டாக்டரோட வாட்ச்," என்றார் செல்வின். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆக்ஸிலியாவும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு முறை ஆக்ஸிலியா தானாகக் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பி, சேலை மடிப்பைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா? எனக்கு என்னமோ மாதிரி வருது."

செல்வின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். எண்ணினார். கடிகாரத்தை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். "நீயே பாரு. எழுபத்தஞ்சு. பயப்படாத. கிறிஸ்துமஸ் முடியட்டும், மதுரையிலேயே ஃபுல் செக்கப் எடுத்துருவோம்."

அவள் டயலைப் பார்த்தாள். பிறகு சேலை மடிப்பைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

நாலு நாள் கழித்து, ஏரிச்சாலைக் கடைக்கு இரண்டு டப்பா கொடுக்கப் போனவள் படிகளின் பாதியில் பின்பக்கமாகச் சரிந்தாள். பார்த்தவர்கள், கால் வழுக்கவில்லை, நின்றவள் அப்படியே விளக்கு அணைந்த மாதிரி விழுந்தாள் என்றார்கள். பின்மண்டை கல்லில் பட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஆக்ஸிலியாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் உடனே நிமிர்ந்து மானிட்டரை இழுக்கச் சொன்னார். திரையில் முப்பத்தாறு என்று வந்தது. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகிற மின்சார வழி அடைபட்டுவிட்டது, கீழ் அறை தன் போக்கில் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கிறது, ரொம்ப நாளாகவே இப்படி இருந்திருக்கும் என்றார்.

"நேத்துக்கூட எழுபத்தாறு இருந்துச்சு டாக்டர்," என்றார் செல்வின்.

"இருந்திருக்காது சார்," என்றார் டாக்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. அவருக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்கிற அவசரம்.

மதுரையில் தோளுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டுப்போட்டு பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, அதிலிருந்து ஒரே ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்குகிறது. துடிப்பு தாமதமானால் கம்பி ஒரு தட்டு தட்டும். "அறுபதுக்குக் கீழ விடாது. சும்மா உக்காந்திருக்கும்போது எண்ணிப் பாருங்க, கரெக்டா அறுபது இருக்கும்," என்றார் அங்கிருந்த டாக்டர். செல்வின் அதன் வேலை செய்யும் விதத்தை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். இத்தனை துயரத்திலும் அது அவருக்கு அழகாக இருந்தது.

தலைக்காயம் ஆறியது. பேச்சு சரியாக இருந்தது, நடை சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள்தான், ஆக்ஸிலியா சாக்லேட் டப்பாவைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கொக்கோ மூட்டையை அவிழ்த்து முகத்தை உள்ளேயே விட்டாள். காபித்தூள். கிராம்பு. சாம்பிராணி டப்பா.

"என்னங்க, ஒண்ணுமே வரல."

போனில் கேட்டதற்கு மதுரை டாக்டர் விளக்கினார். மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஓட்டையுள்ள எலும்பு ஒன்று உண்டு. வாசனை நரம்புகள் நூல் நூலாக அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. பின்மண்டையில் அடிபடும்போது மூளை உள்ளே ஒரு குலுங்கு குலுங்கும். அந்த நூல்கள் அறுந்துவிடும். சிலருக்குத் திரும்பி வரும், பலருக்கு வராது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். செல்வின் அதையும் அவளுக்கு விளக்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பின்னறை பூட்டியே கிடந்தது. ஒரு நாள் காலையில் இட்லித் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அந்த மெஷின் ஒழுங்கா வேலை பாக்குதான்னு பாருங்க."

அவர் சந்தோஷமாகக் கடிகாரத்தை எடுத்து வந்தார். அறுபது. அவருக்குத் தெரிந்த விடை. பதினைந்து எண்ணி நிறுத்தினார்.

முள் நூற்றிருபதில் நின்றது.

அவருக்கு மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. முள்ளைத் திருப்பிவிட்டு மறுபடி எண்ணினார். நூற்றிருபது. ஆக்ஸிலியா நிதானமாக இருந்தாள். மூச்சு வாங்கவில்லை. விரலுக்கடியில் துடிப்பு டிக், டிக் என்று சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை சிவப்பு எண்ணை அல்ல, முள் நின்றிருந்த இடத்தை. அது மூன்று மணி இருக்கும் இடத்தில் நின்றது. அதாவது பதினைந்து விநாடி. பதினைந்து விநாடியில் பதினைந்து துடிப்பு. விநாடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு அறுபது. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. டயல் அதற்கு நூற்றிருபது என்கிறது. அந்த வளையம் முப்பது துடிப்பு எண்ணுகிறவர்களுக்காகப் போட்டது. அதில் பதினைந்து எண்ணினால் உள்ளதைப்போல இரண்டு மடங்கு காட்டும். முப்பத்தெட்டை எழுபத்தாறு என்று காட்டும்.

"எவ்வளவு?" என்றாள் ஆக்ஸிலியா.

"அறுபது," என்றார். அது உண்மைதான்.

வெளியே போய் நின்றார். எதிர்ச்சரிவில் பஞ்சு மாதிரி மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. தன் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தை ஓடவிட்டார். நூற்று நாற்பத்துநான்கு. தன்னுடைய நாடி எழுபத்திரண்டு என்பது அவருக்குத் தெரியும். கடிகாரத்தை வாங்கி வந்த அன்று மதுரைப் பஸ்ஸில் இருக்கும்போதே தன் கையை ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்திருந்தால் போதும். அவளுடைய கையைத்தான் பிடிக்க வேண்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்திருந்தார்.

குருநாதனுக்குப் போன் போட்டார். திட்டுவதற்காக அல்ல, எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தப் பழைய ரிங் போட்டோ ஏதாச்சும் இருக்குதா?"

"பழசைக் கரைச்சாத்தானே சார் புதுசு ஒட்டும். ஏன் சார், நல்லா வரலையா? நீங்கதான அழகா இருந்தாச் சரின்னீங்க?"

"நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். கடிகாரத்தை அந்தப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் விதி என்று நினைத்துக்கொள்வாள். இப்போதே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வரை இதை நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது ஒரு தப்பான எண்ணை நம்பி என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆக்ஸிலியா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, கடிகாரத்தை முறத்துக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். பதினைந்து, முப்பது, குருநாதன், அவரிடம் தான் சொன்ன 'அழகா இருந்தாச் சரி'. விளக்கிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். இதையும் விளக்கியே சொன்னார். சொல்லச்சொல்ல, தன் குரல் வகுப்பில் கேட்கிற குரல் மாதிரியே இருப்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரி போவமான்னு கேட்டப்ப?"

"அன்னிக்கும் அதேதான். முப்பத்தேழு, முப்பத்தெட்டுதான் இருந்திருக்கும்."

"அந்த டாக்டர் கையைத் தொட்டதும் தெரிஞ்சுக்கிட்டாருன்னீங்க. நீங்க தெனமும் தொட்டீங்களே. உங்க விரலுக்கு ஒண்ணும் தெரியலையா?"

அவர் யோசித்தார். தெரிந்திருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீளமான, காலியான இடைவெளி. அடுத்தது வருமா என்று விரல் காத்திருந்தது. குளிரில் விரல் மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்தார்.

"நான் முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தேன் ஆக்ஸி."

அவள் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். முதன்முறையாகப் பார்க்கிறவள் போலப் புரட்டிப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"செலினாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "அவ அன்னிக்கே சொன்னா. அதனால நீங்கதான் அவகிட்டச் சொல்லணும்."

செல்வின் அன்றே சொன்னார். மகள் கடைசிவரை கேட்டாள். "அம்மாகிட்ட போனைக் குடுங்க," என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் அவள் அம்மாவுடைய எண்ணுக்குத்தான் கூப்பிட்டாள்.

தை பிறந்து, ஏரிச்சாலைக் கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். ஆக்ஸிலியா பின்னறையைத் திறந்தாள். பாலும் சர்க்கரையும் கொக்கோவும் அளவு பிசகாமல் போட்டாள். உதட்டில் வைத்து ஆறவிட்டாள். உதடு இன்னும் பொய் சொல்லவில்லை. சாக்லேட் அச்சிலிருந்து பளபளவென்று வந்தது. உடைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். இனிப்பு தெரிந்தது, கசப்பும் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை என்பது முகத்திலேயே இருந்தது.

இன்னொரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு டூரிஸ்ட்டும்தான் சொல்லுவான். பழைய மாதிரி இருக்கா? இது புது மூட்டை. பக்கத்துல வேற எதுவும் கெடந்த வாடை இருக்கா? பால் லேசா அடி பிடிச்சிருக்கா?"

செல்வின் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இத்தனை வருடம் தின்ற சாக்லேட். அதன் ருசியை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை; தட்டில் இருந்தால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சுத்தியலையும் இதயத் தகட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இனிப்பாக இருந்தது. சாக்லேட்டாக இருந்தது. பழைய மாதிரிதான் என்று சொன்னால் அவள் நம்புவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை டயலைப் பார்த்து நம்பிய மாதிரி, அடுத்த ஈடுக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். அவள் முகம் அதற்காகக் காத்திருந்தது.

"எனக்குத் தெரியல ஆக்ஸி," என்றார்.

அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்துவிட்டு, போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"இல்லீங்க, போட்டேன். போட்டுட்டேன். ஆனா குடுக்கற மாதிரி இருக்கான்னு எங்களுக்குத் தெரியலைங்க... ஆமா, இந்த வாரமும் இல்ல. நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்க."